சமையலறையில் நிற்க வேண்டுமானால் 'லெவல் ஒன்று': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சின்ன உணவகத்தில் கணக்கு, பர்மிட், லைசென்ஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நானும் என் கணவரும் உணவங்காடி நிலையத்தில் தோசைக்கடை வைத்திருந்தோம். புதிதாகக் கடை எடுப்பவர்கள், ஊரிலிருந்து வந்து இறங்கும் மாஸ்டர்கள், பக்கத்துக் கடைப் பையன்கள் எல்லாரும் 'லெவல் ஒன்று' என்கிற இந்த உணவுப் பாதுகாப்புக் கோர்ஸ் விஷயத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப அவையேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

"அக்கா, எல்லாரும் லெவல் ஒன்னு, லெவல் ஒன்னுங்கிறாங்க. அது என்ன? யாரு போகணும்?"

உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலை அது. உணவகம், காப்பிக்கடை, உணவங்காடிக் கடை, கேன்டீன், கேட்டரிங் என்று உரிமம் பெற்ற எந்த இடமானாலும், அங்கே சாப்பாடு தயாரிப்பவர் இதில் தேறியிருக்க வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பின் பதிவிலும் இருக்க வேண்டும். அடுப்பில் நிற்பவர் மட்டுமில்லை. காய் நறுக்குபவர், கறி கழுவி வெட்டுபவர், பரோட்டாவுக்கு மாவு பிசைபவர் எல்லாரும் சேர்த்தி. முதலாளியே கரண்டி பிடித்தால் முதலாளிக்கும் வேண்டும்.

பழைய ஆட்கள் இதை 'ஹைஜீன் கோர்ஸ்' என்பார்கள். 2019 ஏப்ரலில் உணவு அமைப்பு தொடங்குவதற்கு முன்னால் கடைகளின் சுகாதாரம் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரு முழு வேலை நாள் போய்விடும், அன்றைக்கே தேர்வும் வைத்துவிடுவார்கள்.

"நான் டீதான் ஆத்துறேன். எனக்குமா?"

ஆமாம். பானம் தயாரிப்பதும் தயாரிப்புதான்.

பில் போடுபவர், மேசைக்குக் கொண்டுபோய் வைப்பவர், தட்டு கழுவுபவர் இவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் சின்னக் கடையில் இந்தக் கோடு நிலைக்காது. மதியம் பன்னிரண்டரைக்குக் கூட்டம் வந்ததும் பில் போடுபவர் எழுந்து உள்ளே போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிடுகிறார். உங்கள் கடையில் அப்படி நடக்குமென்றால் அவரையும் அனுப்பிவிடுங்கள். அதிகாரி வந்து நிற்கும்போது "இன்னைக்கு மட்டும்தான் சார்" என்று சொல்லிப் பயனில்லை.

"எங்க மாஸ்டர் மதுரையில இருபது வருஷம் சமைச்சவரு. ஐநூறு பேர் கல்யாணத்தை ஒத்த ஆளா இழுப்பாரு. அவருக்குப் போய் இவங்க என்ன சொல்லிக்கொடுக்கப் போறாங்க?"

கேட்பவருக்கு வரும் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் மாஸ்டரும் இதையேதான் சொன்னார். ருசி விஷயத்தில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. இந்த வகுப்பு அதைப் பற்றியதும் இல்லை.

சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி விதை மாதிரி ஒளிந்திருக்கும். கொதிக்கும் தண்ணீரிலும் அந்த விதை சாகாது. வடித்த சோற்றை இரவு முழுக்க அண்டாவிலேயே மேடை மேல் விட்டால், அந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். காலையில் அதே சோற்றை எண்ணெயில் போட்டு, சீரகம் தாளித்து, புகை வர வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. நன்றாகச் சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாம் எல்லாரும் பழகியிருக்கிறோம். எங்கள் மாஸ்டர் வகுப்பு முடிந்து வந்த அன்று சாயங்காலம் செய்த முதல் வேலை, மிச்சமிருந்த சோற்றை அகலமான தட்டுகளில் மெலிதாகப் பரப்பியதுதான். ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைத்தார். அதுவரை எங்கள் கடையில் அந்தத் தட்டுகள் இனிப்புக்கு மட்டுமே வெளியே வரும்.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் நடந்ததைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். பச்சைக் கடல் உணவிலிருந்த கிருமி, சாப்பிடத் தயாராக இருந்த பொருளோடு கலந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ரோஜாக் நம்மவர்கள் வழிவழியாகச் செய்துவரும் பலகாரம். இருபது வருட அனுபவம் இருந்தாலும் கிருமி தாவ ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு துணி போதும். அதனால்தான் இந்த ஒரு நாளை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரு இடத்துல ஒன்னு சொல்றாங்க, இன்னொரு இடத்துல வேற சொல்றாங்க."

மையத்துக்கு மையம் கட்டணம் வேறுபடும். நான் விசாரித்த இடங்களில் முழுக் கட்டணம் பெரும்பாலும் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், இருநூறுக்குள். போனில் கேட்கும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? சொல்லும் தொகை நிதியுதவி போகவா, முழுதா? தேறாவிட்டால் மறுதேர்வுக்கு எவ்வளவு? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அனேகமாக நாற்பது வயது தாண்டிய சிங்கப்பூரருக்கான தொகை. அதைப் பார்த்துவிட்டு, ஒர்க் பர்மிட்டில் வந்த வெளிநாட்டு ஊழியரான பர்மிட்காரரை அழைத்துப் போனால் கவுன்டரில் நின்று முழிக்க வேண்டிவரும்.

கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. 150 வெள்ளிக் கோர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 163 வெள்ளி 50 காசு. மாஸ்டருக்கு மாதம் 2,000 வெள்ளி சம்பளம், 26 நாள் வேலை என்றால் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 77 வெள்ளி. அவர் இல்லாத அன்று பகுதிநேர ஆள் கூப்பிட்டால் அவருக்கு ஒரு தொகை. ஆள் கிடைக்காமல் மதியச் சாப்பாட்டை நிறுத்தினால் இதையெல்லாம் விடப் பெரிய தொகை போய்விடும். அதனால் கோர்ஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் புதிதாகக் கடை எடுப்பவர்களிடம் சொல்கிறேன்.

நாளைப் பார்த்து எடுத்தாலே பாதித் தலைவலி குறையும். நம் பக்கம் ஞாயிறு கூட்டம், திங்கள், செவ்வாய் சுமார். அந்த நாட்களில் அனுப்புங்கள். இரண்டு சமையல்காரர்களை ஒரே நாளில் அனுப்பாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

"ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசு சும்மாதான கெடக்கு. அதுல போட முடியாதா?"

சிங்கப்பூரராக இருந்தால் முடியும். 25 வயது நிறைந்த ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும், பயிற்சிக்காக அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும், ஏற்கெனவே செலவழிக்காமல் இருந்தால். நீங்கள் பார்க்கும் மையத்தின் கோர்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். வகுப்பு முடிந்த பிறகு காசை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

2024 மே மாதம் நாற்பது வயதுக்காரர்களுக்கு வந்த 4,000 வெள்ளி தனிக் கணக்கு. அது குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டும். "நாலாயிரம் இருக்கே, எதுக்கு வேணாலும் போட்டுக்கலாம்" என்று நினைத்து வந்த ஓர் அக்காவை நான் ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்க வேண்டியிருந்தது.

நிரந்தரவாசிக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஆனால் நிதியுதவி உள்ள மையமாக இருந்தால் கட்டணத்திலேயே சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் பாதி கழியும். நாற்பது வயதான சிங்கப்பூரருக்கு 70 விழுக்காடு வரை கழியும். என்டியுசி தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் மிச்சத்தில் ஒரு பகுதிக்கு அங்கேயும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. சந்தா கட்டிக்கொண்டே இருந்துவிட்டு இதைக் கேட்காமல் விடுபவர்கள் நிறையப் பேர்.

"பர்மிட்ல வந்த பையனுக்கு மட்டும் ஏன் ஒரு வெள்ளி கூடக் கழிக்க மாட்டேங்கிறாங்க? அவனுக்கும் சேர்த்துத்தான மாசாமாசம் கட்டுறேன்?"

கட்டுகிறீர்கள் என்பது உண்மை. வெளிநாட்டு ஊழியருக்காக மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியை விட்டுத்தள்ளினாலும், திறன் மேம்பாட்டுத் தீர்வை என்று ஒன்று ஒவ்வோர் ஊழியருக்கும், வெளிநாட்டுக்காரருக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகம் 11 வெள்ளி 25 காசு. 2,000 வெள்ளிச் சம்பளத்துக்கு மாதம் 5 வெள்ளி. ஆனால் அந்த நிதியிலிருந்து வரும் பயிற்சி உதவி சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும்தான். பர்மிட்காரருக்கு முழுக் கட்டணம். இதில் எனக்கும் வருத்தம் உண்டு. சட்டம் கட்டாயம் என்று சொல்லும் ஒரு பயிற்சிக்காவது சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் கை கொடுத்தால் நன்றாக இருக்கும்.

2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை ஒர்க் பர்மிட்டிலேயே எடுக்க முடிகிறது. குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும், மொத்த ஊழியரணியில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த வழி திறந்த பிறகுதான் என்னிடம் வரும் கேள்விகள் இவ்வளவு கூடியிருக்கின்றன. ஆள் எடுக்கும்போதே இந்தக் கோர்ஸ் செலவையும் லெவியோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

"அந்தக் காசைச் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கலாமா?"

பிடிக்காதீர்கள். உங்கள் கடையின் உரிமத்துக்காகத்தான் அவர் போகிறார். சட்டப்படியும் நினைத்தபடி கழிக்க முடியாது. எந்தெந்தக் காரணத்துக்குக் கழிக்கலாம் என்று வேலை நியமனச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இல்லாத எதற்கும் ஊழியரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வந்து இறங்கிய மூன்றாம் நாள், எதிரில் முதலாளி உட்கார்ந்திருக்க, ஆங்கிலத் தாளில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் நினைப்பதில்லை.

வகுப்புக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு கூடிய வேலை நாளாக வையுங்கள். ஓய்வு நாளில் அனுப்பி வேலை நாளை மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு நாள் அடுப்படியில் நின்றவர் ஏழாம் நாள் வகுப்பில் தூங்கிப் போவார். தேறாமல் வந்தால் மறுபடி செலவு உங்களுக்குத்தான்.

"அக்கா, என் முதலாளி ஏற்கெனவே பிடிச்சிட்டாரு. நான் என்ன செய்யறது?"

சம்பளச் சீட்டில் என்ன பெயரில் கழித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சீட்டு தரவேயில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று யோசித்து, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே சொன்னதை முதலாளியிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தெரியாமல் செய்தவர்கள் திருப்பித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுத்தால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போகலாம். தமிழிலேயே பேசலாம், பயப்பட வேண்டாம்.

"தமிழ்ல வகுப்பு இருக்கா? இங்கிலீஷ்ல போனா நாளைக்கே இடம் கிடைக்குதாம்."

தமிழிலும் இருக்கிறது, ஆனால் எல்லா மையத்திலும் இல்லை. ஆங்கிலம், சீன வகுப்புகள் அடிக்கடி நடக்கும். எனக்குத் தெரிந்த மையங்களில் தமிழுக்குப் போதுமான ஆள் சேர்ந்தால்தான் தேதி கொடுக்கிறார்கள். சில சமயம் இரண்டு, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்கப் படித்தும் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: காத்திருந்து தமிழிலேயே அனுப்புங்கள்.

எங்கள் மாஸ்டரை முதல் தடவை அனுப்பியபோது அவசரம். ஒரு மையத்தில் போனில் பேசியவர் "ஆங்கில வகுப்புதான், ஆனா எல்லாம் படம் போட்டிருக்கும், சமாளிச்சுக்கலாம்" என்றார். நானும் சரி என்று பணம் கட்டிவிட்டேன். மாஸ்டர் சாயங்காலம் திரும்பி வந்தார். தோளில் போட்டிருந்த துண்டைக் கூட எடுக்காமல் பின்கதவுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தேறவில்லை. எந்தக் கேள்வி வரவில்லை என்று கேட்டேன். பச்சை இறைச்சியிலிருந்து சமைத்த பொருளுக்குக் கிருமி தாவுவது பற்றிய கேள்வியாம். அந்த ஆங்கிலச் சொல் அவருக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் கடையில் கோழி வெட்டும் கத்தியை யாராவது கொத்தமல்லியில் வைத்துவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். விஷயம் கையில் இருந்தது, சொல்தான் தெரியவில்லை.

மறுபடி இன்னொரு மையத்தில் தமிழ் வகுப்புக்குப் பதினெட்டு நாள் காத்திருந்து அனுப்பினோம். இந்தத் தடவை அவர் பயிற்றுநரிடமே கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பத்து லிட்டர் சாம்பார் அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தூக்கி வைத்தால் நடுவில் எவ்வளவு நேரம் சூடு நிற்கும் என்று கேட்டாராம். காலை வரைக்கும் வெதுவெதுப்பு நிற்கலாம், சின்னப் பாத்திரங்களில் பிரித்து வை என்று பதில் வந்திருக்கிறது. நான் அவசரப்பட்டதில் இரண்டு கட்டணம், இரண்டு நாள் சம்பளம் போனது. அதைவிட, நல்ல சமையல்காரர் ஒருவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு சாயங்காலம் நினைத்துக்கொண்டார். அது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

"எனக்கு எழுதப் படிக்கவே அவ்வளவா வராது."

பணம் கட்டுவதற்கு முன்னால் மையத்திடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேள்விகளை வாசித்துக் காட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வகுப்பு நாளன்று போய்ச் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கை கழுவும் முறை போன்ற செய்முறைப் பகுதியில் எழுத்துக்கு வேலையே இல்லை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சில சொற்களையும் எண்களையும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை ஆபத்தான சூடு, அந்த இடைவெளியில்தான் கிருமி வேகமாகப் பெருகும். குளிர்ந்தது 5-க்குக் கீழே, சூடானது 60-க்கு மேலே. இது மனப்பாடமாக இருந்தாலே பாதித் தைரியம் வந்துவிடும்.

"கோர்ஸுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அவரு கிச்சன்ல நிக்கலாமா?"

முடியாது. தேறிப் பதிவில் வந்த பிறகுதான் சமையலில் கை வைக்கலாம். உள்ளூர் ஆளாக இருந்தால் அதுவரை பரிமாறுவது, துடைப்பது போன்ற வேலை கொடுக்கலாம். பர்மிட்டில் சமையல்காரர் என்று எழுதி வந்தவரை அப்படி வேறு வேலைக்குத் திருப்பிவிடுவதும் சரியில்லை, பர்மிட்டில் உள்ள வேலையைத்தான் அவர் செய்ய வேண்டும். ஆக, அவர் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சம்பளமும் லெவியும் போகும். பர்மிட்டுக்கான முன்அனுமதிக் கடிதம் கையில் வந்ததுமே மையத்தைக் கேட்டுத் தமிழ் வகுப்பின் அடுத்த தேதியைப் பாருங்கள். அதற்கு ஏற்றபடி விமான டிக்கெட் போடுங்கள். டிக்கெட்டைப் போட்டுவிட்டு வகுப்பைத் தேடுவதால்தான் மேலே நான் செய்த மாதிரி தப்பு நடக்கிறது.

"ஊர்லயே அரசாங்கச் சான்றிதழ் வாங்கியிருக்காரு. ஜொகூர்லருந்து வர்ற பையன் மலேசியாவுல முடிச்சிருக்கான். அது செல்லாதா?"

செல்லாது. இங்குள்ள தேர்வில் தேறியே ஆக வேண்டும். முன்பே படித்ததால் வகுப்பு சுலபமாக இருக்கும், அவ்வளவுதான்.

"போன கடையில இருந்தப்ப முடிச்சது. கடை மாறினா மறுபடி எடுக்கணுமா?"

வேண்டாம். சான்றிதழ் ஆளைச் சேர்ந்தது, கடையைச் சேர்ந்தது இல்லை. காலாவதி ஆகாமல் இருந்தால் போதும். இதனாலேயே சில முதலாளிகள் "நான் காசு கட்டுவேன், அவன் மூணு மாசத்துல பக்கத்துக் கடைக்கு ஓடிடுவான்" என்று அனுப்பத் தயங்குகிறார்கள். ஓடுகிறவர் கோர்ஸ் இல்லாவிட்டாலும் ஓடுவார். சான்றிதழின் மூலத்தை முதலாளி பூட்டி வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாகச் சேரும் ஆளின் தாளை மட்டும் நம்பாமல், அவர் பெயர் பதிவில் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

"ஒருவாட்டி எடுத்தா வாழ்நாள் முழுக்கதான?"

இல்லை. தேறிய நாளிலிருந்து ஐந்தாம் வருடத்துக்குள் மறுபயிற்சி, அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை. மறுபயிற்சி முதல் கோர்ஸை விடக் குறைந்த நேரம்தான், கட்டணமும் குறைவு. தேதியைத் தவறவிட்டால் அந்த ஆள் சமையலறையில் நிற்க முடியாது. எங்கள் கடையில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஆள் பெயர், தேறிய தேதி, மறுபயிற்சித் தேதி மூன்றும் இருக்கும். தேதிக்கு மூன்று மாதம் முன்னால் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன். தமிழ் வகுப்புக்குக் காத்திருக்க அந்த இடைவெளி வேண்டும்.

"நான் வீட்டுல முறுக்கு சுட்டு விக்கிறேன், தோசை மாவும் அரைச்சுத் தர்றேன். எனக்கும் கட்டாயமா?"

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டிலிருந்து சின்ன அளவில் செய்வதற்கு உணவு அமைப்பின் உரிமம் வேண்டியதில்லை. அதனால் கோர்ஸும் கட்டாயமில்லை. ஆனால் எடுப்பது நல்லது என்று அமைப்பே சொல்கிறது. எனக்கும் அதே எண்ணம்தான், முக்கியமாக மாவு, சட்னி, பிரியாணி என்று ஈரப்பதம் உள்ளதை விற்பவர்களுக்கு. முறுக்கு பெரிய ஆபத்தில்லை. சிங்கப்பூரராக இருந்தால் மேலே சொன்ன 500 வெள்ளியில் கையிலிருந்து அதிகம் போகாது.

"என் மனைவி நீண்டகால வருகை அனுமதியில இருக்காங்க. என் ஹாக்கர் கடையில கூட நின்னு உதவலாமா? அவங்களுக்கும் கோர்ஸா?"

முன்பெல்லாம் உணவங்காடிக் கடையில் உதவியாளராகச் சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும்தான் நிற்க முடியும். 2025 ஜனவரி 1 முதல் நீண்டகால வருகை அனுமதி உள்ளவர்களையும் உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வேலை செய்வதற்கான ஒப்புதல் தனியாக வேண்டும், அதை முதலில் முடியுங்கள். என் மனைவிதானே, சம்பளமா கொடுக்கிறேன் என்று நிறுத்திவிடாதீர்கள்.

சமையலில் கை வைத்தால் லெவல் ஒன்றும் கட்டாயம். உதவியாளர் வந்துவிட்டார் என்பதற்காகக் கடைக்காரர் வீட்டில் உட்கார முடியாது, கடையை அவரேதான் நடத்த வேண்டும்.

"கடைய ரெண்டு வாரம் மூடச் சொல்லிட்டாங்க. தப்பு பண்ணது ஒருத்தன். இப்ப எல்லாரும் மறுபடி கோர்ஸ் போகணுங்கிறாங்க. உண்மையா?"

உண்மை. சுகாதார விதிமீறலுக்குப் போடும் குற்றப்புள்ளிகள் 12 மாதத்துக்குள் 12 சேர்ந்தால் உரிமம் இரண்டு வாரமோ நான்கு வாரமோ நிறுத்தி வைக்கப்படலாம், ரத்தும் ஆகலாம். நிறுத்தப்பட்ட கடையில் உணவு கையாள்பவர்கள் அனைவரும் லெவல் ஒன்றை மறுபடி எடுத்துத் தேறிய பிறகுதான் வேலையைத் தொடர முடியும். போன மாதம்தான் தேறினார் என்றாலும் விதிவிலக்கு இல்லை.

ஆறு பேர் உள்ள கடைக்கு, மேலே போட்ட கணக்குப்படி கட்டணம் மட்டுமே ஆயிரம் வெள்ளியை நெருங்கும், பர்மிட்காரர்களாக இருந்தால் முழுதும் உங்கள் கையிலிருந்து. அறிவிப்பு வந்த அன்றே வகுப்புக்கு இடம் பிடியுங்கள். கடை மூடியிருக்கும் நாட்களிலேயே எல்லாரையும் அனுப்பிவிட்டால் திறக்கும் அன்று ஆள் இருக்கும். ஆங்கிலம் நன்றாக வருபவர்களை ஆங்கில வகுப்புக்கு விட்டு, தமிழ் வகுப்பின் இடங்களை மற்றவர்களுக்கு வையுங்கள்.

"ஒரு ஏஜென்ட் 250 வெள்ளி கொடுத்தா வகுப்புக்கே போகாம சான்றிதழ் தர்றேங்கிறாரு. வாங்கலாமா?"

வேண்டவே வேண்டாம். அது போலிச் சான்றிதழ். அமைப்பின் பதிவில் பெயர் வராது, சரிபார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாட்டினால் அது மோசடி வழக்கு, முதலாளிக்கு உரிமம் போகும், பர்மிட்காரருக்கு வேலையே போகும். உண்மையான கோர்ஸை விடவும் விலை அதிகம் என்பதையும் கவனியுங்கள்.

"கோர்ஸ்ல சொன்னதக் கடையில வந்து செய்ய விட மாட்டேங்கிறாங்க அக்கா. ஒரே பலகைதான் இருக்கு. கேட்டா 'அதெல்லாம் பரீட்சைக்கு'ங்கிறாரு முதலாளி."

இதைக் கேட்ட தம்பி ஒரு காப்பிக்கடையில் கோழிச்சோறு, மீன் பொரியல் எல்லாம் செய்கிறவர். காலையில் கோழி வெட்டிய அதே மரப்பலகையில் மத்தியானம் வெள்ளரிக்காய் வெட்டுகிறார். நடுவில் ஒரு துணியால் துடைப்பதோடு சரி. வகுப்பில் அது தப்பு என்று படித்துவிட்டு வந்ததால் இப்போது ஒவ்வொரு வெட்டுக்கும் மனசு அடித்துக்கொள்கிறது என்றார்.

முதலாளிகளே, கோர்ஸுக்கு இருநூறு வெள்ளி வரை செலவு செய்துவிட்டு இன்னொரு பலகை வாங்க யோசிக்காதீர்கள். முஸ்தஃபா மாதிரி கடையில் பிளாஸ்டிக் பலகை சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. இறைச்சிக்குச் சிவப்பு, காய்கறிக்குப் பச்சை என்று நிறம் வைத்து வாங்குங்கள். கூடவே சாப்பாட்டில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று. தம்பி, நீ அதுவரைக்கும் வெள்ளரிக்காயை முதலில் வெட்டி மூடி வைத்துவிடு, கோழியைக் கடைசியில் எடு. வேலை முடிந்ததும் பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, நிமிர்த்திச் சாய்த்துக் காயவை. அதற்கு முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.